பின்னோக்கி ஏறும் வண்டிகள்

துறைமுக வாசலில் நின்ற காவலாளி டிக்கெட்டை வாங்கத்தான் குனிந்தார். வாங்காமல் மூக்கைச் சுளித்தார்.

"என்னய்யா, மத்தியானத்துக்குள்ளயே ரம்மா?"

"ஈஸ்டர் இல்லியா அண்ணே," என்று லால் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஈஸ்டர் முடிஞ்சு போச்சு தம்பி. இந்த வாயோட நீ கப்பலுக்குள்ள வண்டி ஏத்த முடியாது. வேற யாருக்காச்சும் லைசென்ஸ் இருக்கா, இல்ல வண்டியை ஓரமா நிறுத்துறியா?"

பின் சீட்டில் மடிமேல் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ரூக்மின். இல்லை என்று சொல்லிவிடு, இல்லை என்று சொல்லிவிடு என்று அவள் கணவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வேண்டினாள். லால் யோசிக்கக்கூட இல்லை. "எம் பொண்டாட்டிக்கு இருக்கு," என்றான். சொன்னதில் பெருமை வேறு.

டிரினிடாட்டிலிருந்து டொபேகோ தீவுக்குக் கப்பலில் கார் கொண்டு வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். வண்டியோடு ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம். மற்றவர்கள் இறங்கி, பயணிகள் கூடத்து வழியாக நடந்துபோய் ஏற வேண்டும். வண்டியோடு உள்ளே போனவர் திரும்பி வெளியே வர முடியாது. வெள்ளிக்கிழமை போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கப்பல் ஏறும்போது, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்ற ரூக்மின் இதைக் கவனித்தாள். லால் காரோடு எங்கோ மறைந்துவிட்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் கண்ணில் படாமல் அவள் ஒரு பொது இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை என்று அவளே யாரிடமாவது சொல்லியிருந்தால், கேட்டவர் நம்பியிருக்க மாட்டார். நாலு நாளாக அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. திரும்பும் நாளில் லால் காரோடு உள்ளே போவான். மாமியாரை உட்கார வைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லி, வாசல் வழியாக வெளியே நடந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டம் போடத் தேவையே இல்லாத அளவுக்கு அது சுலபமாக இருந்தது.

இப்போது காரை ஓட்டப் போவது அவள். நடந்து போகப் போவது அவன்.

லால் அடிக்கிற ஆள் இல்லை. இதைத்தான் ரூக்மினால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. குடித்தாலும் பாட்டுப் பாடுவானே தவிர ஒரு தட்டைக்கூட எறிந்ததில்லை. டிரினிடாட்டில், சகுவானாஸ் ஊரின் மெயின் ரோட்டில் அவர்களுடைய ரொட்டிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "உனக்கு வாய்ச்சது தங்கமான ஆளும்மா" என்பார்கள். தங்கம்தான். அவள் சந்தைக்குப் போனால் கூட வருவான். டாக்டரிடம் போனால் கூட வருவான், அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அவனே சொல்லுவான். அவளுடைய அக்கா போன் செய்தால் ஒலிபெருக்கியில் போட்டு இரண்டு பேரிடமும் அவனே பேசுவான். அவன் இல்லாத நேரத்தில் அவன் ‘மா’ என்று கூப்பிடும் அவனுடைய அம்மா இருப்பாள். விடியுமுன் மாவு பிசையத் தொடங்கினால், கடை மூடி ரொட்டி சுடும் தாவாவைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அவளைச் சுற்றி யாராவது அன்பாக இருந்துகொண்டே இருந்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று எப்படிச் சொல்வாள்? கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தடவை அடம் பிடித்தாள். தனியாக எங்காவது போய் வரலாம் என்ற ஆசை. லைசென்ஸ் வந்த மறுநாளே, மாவு மூட்டை ஏற்றி வருவதும் கேஸ் சிலிண்டர் மாற்றி வருவதும் அவள் வேலையாயின. பக்கத்து சீட்டில் லால். அவள் கற்றுக்கொண்ட எதுவும் கடைசியில் அவளுக்கென்று மிஞ்சியதில்லை.

டொபேகோவில், கஸ்டாரா என்ற கடலோரக் கிராமத்தில் அவர்கள் தங்கிய அறைகள் மிஸ் மெர்லுடையவை. பெரிய உடம்பு, பெரிய குரல், புருஷனைப் புதைத்துப் பல வருஷமானவள். டிரினிடாட்டிலிருந்து வருகிறவர்கள் அரிசி, கோழி, ஐஸ் பெட்டி, ஊறுகாய் வரை சுமந்து வருவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

"எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வந்துடுறீங்க. எங்களுக்கு மிஞ்சறது எலும்பும் குப்பையும்தான்," என்று முதல் நாளே சொன்னாள். பிறகு சமையலறை வாசலில் நின்று, சர்க்கரையைக் கருக்கிக் கோழியும் துவரையும் போட்டு பெலாவ் சோறு கிளறிக்கொண்டிருந்த ரூக்மினை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, ஓய்வுக்குத்தான வந்த? கடல் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?"

"பார்த்தேன். வர்ற வழியில."

"வர்ற வழியிலயா!" மிஸ் மெர்ல் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டாள். ரூக்மினின் முகத்தில் எதைப் பார்த்தாளோ தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் வாழைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன அறையைத் திறந்து காட்டினாள். கட்டில், ஜன்னல், ஒரு கொக்கி. "எனக்குச் சமையலுக்கு ஆள் வேணும். சமைக்கப் புடிக்கலைன்னா சும்மாவும் இருக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள். ரூக்மின் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. அதை ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். வெளியே கொக்ரிக்கோ பறவைகள் காட்டுக் கத்தல் கத்தின. லாலின் குரல் "ரூக்மின்! ஏ ரூக்மின்!" என்று முற்றத்திலிருந்து தேடியது. அந்தக் கொஞ்ச நேரம் அவள் தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

"நீங்க கெளம்புற அன்னிக்கு நான் ஸ்கார்பரோ சந்தைக்கு வருவேன்," என்று மிஸ் மெர்ல் பிறகு காதோடு சொன்னாள். "துறைமுகத்துக்கு எதிர்ல பஸ் நிக்கிற எடத்துல உக்காந்திருப்பேன். கப்பல் ஊதுற வரைக்கும். வந்தா வா. வரலைன்னா நான் என் பஸ்ல ஏறிப் போயிட்டே இருப்பேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இன்று காலை ஸ்டோர் பே கடற்கரையில் லாலின் பழைய கூட்டாளி ஒருவன் பாட்டிலோடு வந்து தோளைக் கட்டிக்கொள்ளும் வரை.

துறைமுக வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். டிக்கெட்டில் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். மாமியார் சோமாரி தன் கைப்பையைத் திறந்தாள். வீட்டில் எல்லோருடைய அடையாள அட்டைகளும் அந்தப் பைக்குள்தான் இருக்கும். எங்கே போனாலும் அப்படித்தான்.

"வண்டி ஓட்டுறவ கையில கார்டு இருக்கணுமாமே. இந்தா துலாஹின்." மருமகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மணப்பெண் என்ற பொருளில் துலாஹின்தான். அட்டையைக் கையில் திணித்தவள் விரல்களை உடனே விடவில்லை. "கப்பல் ஏறினதும் திருப்பிக் குடுக்கணும்னு இல்ல. எனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது. நீயே வெச்சுக்கோ."

ரூக்மின் நிமிர்ந்து பார்த்தாள். கிழவி அதற்குள் சட்டியின் பக்கம் திரும்பியிருந்தாள். துண்டு சுற்றிக் கட்டிய இரும்புச் சட்டியை முன் சீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுவதுபோலப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "சூடு ஆறாது. பசிச்சா சாப்பிடு," என்றாள். பிறகு மகனின் கையைப் பிடித்துக் கூடத்தை நோக்கி நடத்திக்கொண்டு போனாள். லால் திரும்பித் திரும்பிப் பார்த்து, "இடிச்சிடாத! போனைக் கீழ வெக்காத!" என்று கத்திக்கொண்டே போனான்.

ரூக்மின் காரை உள்ளே ஓட்டிப்போய் வரிசையில் நின்றாள். வரிசை நகரவில்லை. இடப்பக்கம் சரக்குப் பெட்டிகள் சுவராக நின்றன. வலப்பக்கம் கான்கிரீட் கட்டை, அதற்கப்பால் கடல். முன்னால் இருந்த வேனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே நுழைய முடியாது, பின்னால் ஒரு லாரி மூக்கை உரசிக்கொண்டு நின்றது. வெயில் கூரையில் இறங்கிச் சட்டியிலிருந்து எழுந்த வாசனையோடு சேர்ந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. இறங்கி நடந்துவிடலாமா என்று நினைத்தாள். சாவியை விட்டுவிட்டு இறங்கினால் பின்னால் உள்ள அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் கத்தும், காவலாளி ஓடி வருவார், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லுவார்கள், அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஊரே அவளைப் பார்க்கும். சத்தமில்லாமல் போவதற்குத்தான் நாலு நாளாகத் தன்னைத் தயார் செய்திருந்தாள், சத்தத்தோடு போகும் தைரியம் அவளிடம் இல்லை. தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த லைசென்ஸை மட்டும் வாங்காமல் இருந்திருந்தால் இந்நேரம் எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பின்னால் லாரிக்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான், வேன் ஒரு அடி நகர்ந்திருந்தது.

போன் அடித்தது. "எங்க இருக்க?"

"வரிசையில."

"நாங்க மேல ஏறிட்டோம். மா ஜன்னலோரம் உக்காந்துட்டா. நான் மேல்தளத்துல நின்னு உன்னையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன். கையை ஆட்டு பார்ப்போம்."

அவள் கையை ஆட்டினாள்.

"அதான். போனை வெக்காத, இப்படியே இரு," என்றான் லால். அவள் போனைச் சட்டியின் மூடிமேல் வைத்தாள்.

அந்தக் கப்பலில் வண்டிகள் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும். சாய்வுப் பாலத்துக்கு முன்னால் ஒரு திடலில் வண்டியைத் திருப்பி, முகம் ஊரைப் பார்க்க, முதுகைக் கப்பலுக்குக் கொடுத்து, மெல்ல மெல்ல உள்ளே போக வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் லால் இதைச் செய்து முடித்துவிட்டு ஒரு மணி நேரம் பீற்றிக்கொண்டான். அவளுடைய முறை வந்தது. பச்சை மேல்சட்டை போட்ட ஒரு தொழிலாளி கையைச் சுழற்றினான். அவள் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினாள். மாவு மூட்டையோடு சந்துகளில் திருப்பிப் பழகிய கை, ஒரே வளைவில் கார் சரியாக வந்து நின்றது.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். வரிசை ஒரு ஓரமாக நின்றது, எதிரே ஒன்றுமில்லை. இவ்வளவு நேரம் வேனின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த முன்கண்ணாடியில் இப்போது காலித் திடல், இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் வண்டிகளுக்காகத் திறந்து கிடந்த பக்கவாட்டு வாசல், அதற்கப்பால் தெரு. தெருவுக்கு மேலே ஸ்கார்பரோவின் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குன்றின்மேல் இருந்த கோட்டை வரை ஏறிக்கொண்டிருந்தன. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மஞ்சள் குடை. குடைக்குக் கீழே யார் என்று இங்கிருந்து தெரியாது. ஆனால் அவ்வளவு பெரிய உடம்பு வேறு யாருக்கும் இருக்க முடியாது.

"வா, வா, வா, பின்னாடி வா," என்று தொழிலாளி கையை ஆட்டினான். ரிவர்ஸில் போட்டாள். பின்சக்கரம் பாலத்தின் இரும்பில் ஏறியதும் வண்டி முழுக்க நடுங்கியது, சட்டியின் மூடி கடகடத்தது. மூடிமேல் இருந்த போனிலிருந்து லாலின் குரல் வந்துகொண்டிருந்தது. "லெஃப்ட்ல ஒடி. ஒடி. நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், பயப்படாத." உள்கண்ணாடியில் கப்பலின் வாய் கறுப்பாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. முன்கண்ணாடியில் குடை சின்னதாகிக்கொண்டே போனது.

தலைக்கு மேலே கப்பல் ஊதியது. நீளமாக, நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து வரும் சத்தம். அது அடங்கியபோது மஞ்சள் குடை மெல்ல மடங்கியது. குடைக்காரி எழுந்து நின்றாள். எழுந்தவள் பஸ் பக்கம் திரும்பவில்லை, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரூக்மின் பிரேக்கை அழுத்தினாள். கார் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றது சட்டியின் மேலிருந்து குரல். "ரூக்மின்? ஏ ரூக்மின், என்ன ஆச்சு?"

தொழிலாளி வந்து கூரையில் இரண்டு தட்டுத் தட்டினான். "என்னம்மா, போறியா வர்றியா? வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."

அவள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த சட்டியை ஒரு தடவை பார்த்தாள். கியரின் மேல் கையை வைத்தாள். உள்கண்ணாடியில், கப்பலின் இருட்டுச் சுவரில், அவளுடைய காரின் பின்விளக்குகள் பிரேக்கின் சிவப்பும் ரிவர்ஸின் வெள்ளையுமாக விழுந்துகொண்டிருந்தன. தொழிலாளி இன்னொரு தடவை தட்டக் கையை ஓங்கினான். அதற்குள் கியர் முன்னுக்கு மாறி, சுவரிலிருந்து வெள்ளை மறைந்தது. சிவப்பு மட்டும் இருந்தது.