இரண்டு வீட்டு நெபுலைசர்

இலங்கைக்குப் போவது என்று முடிவானதிலிருந்து ஜானட் வீட்டில் காட்டைப் பற்றிப் பேசாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மழைக்காட்டை ஒட்டி ஒரு மரவீடு. ஒரு நாள் பறவை பார்க்க நடை, ஒரு நாள் அருவி, ஒரு நாள் யானை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் கஸ்பார் ஃபோனில் படம் காட்டக் காட்ட, எட்டு வயது மகள் மகிமா, அட்டை கடிக்குமா, கடித்தால் வலிக்குமா என்று உயிரை வாங்கினாள். வீசிங் உள்ள பிள்ளை. நல்ல காற்றைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இத்தனை ஆட்டமும்.

எல்லாம் சரி, நெபுலைசர்தான் தொண்டையில் சிக்கிய முள்.

மூச்சு இழுக்கும்போது முகத்தில் மாட்டி மருந்தைப் புகையாக உள்ளே விடும் அந்த மெஷின், ஜானட்டும் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் போதும், இங்கே மகிமாவுக்கும் அங்கே ரஹீமுன்னிசாவின் மகன் இதாயத்துக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு விசிலடிக்கும். யாருக்கு அதிகமோ அவர்களுக்கு முதலில். இதுவரை ஒரு முகச்சுளிப்பு வந்ததில்லை.

மரவீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ரொம்ப தூரமாம். மெஷின் இல்லாமல் போக முடியாது. புதிதாக ஒன்று வாங்கலாமென்றால் கையிலிருந்ததெல்லாம் அந்த மரவீட்டுக்கே போய்விட்டது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் ரஹீமுன்னிசா அந்த நிமிஷமே தூக்கிக் கொடுத்திருப்பாள். அது தெரிந்ததால்தான் ஜானட்டுக்குக் கேட்க வாய் வரவில்லை. இதாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் சரி என்று சொல்வதை எந்த மூஞ்சியோடு பார்ப்பது?

"மெஷின் ரிப்பேராய்ட்சிக்கா. கடையில குட்த்துகீறேன், ஒரு வாரம் ஆவுமாம்" என்று கூசாமல் புளுகினாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே மகிமாவின் கவுன்களுக்கு அடியில் மெஷினை வைத்துப் பெட்டியை மூடினாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில், பொய்யை மனதில் வைத்துக்கொண்டு நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. ஏன் என்று கேட்ட கஸ்பாரிடம் வயிறு சரியில்லை என்று இன்னொரு பொய்.

கிளம்புகிற அன்று கஸ்பாரும் மகிமாவும் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார்கள். ரஹீமுன்னிசா வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"இந்தா ஜானட்டு. மீஞ்சூர்ல எங்க நாத்தனா வூட்ல ஒரு மெஷினு சும்மா கெடந்துச்சி. ட்ரெயின் புடிச்சிப் போயி வாங்கினு வந்தேன். கொயந்தைய காட்டுக்கு இட்டுகினு போற, இது இல்லாம இன்னா பண்ணுவ?"

ஜானட் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "இதாயத்துக்கு வேணாமாக்கா?"

"அவன வுடு. ராத்திரி கொஞ்சம் இழுத்துச்சி, சுடுதண்ணி ஆவி காட்டுனேன். நீ தள்ளு, நானே வெக்கிறேன். துணி நடுவுல வெச்சாத்தான் ஒடையாது."

"வேணாங்க்கா, நானே..."

ஜானட் எட்டிப் பிடிப்பதற்குள் பெட்டி திறந்துவிட்டது. ரஹீமுன்னிசா கவுன்களை ஒதுக்கினாள். கை அப்படியே நின்றது.

திட்டியிருக்கலாம். தெருவே கேட்கக் கத்தியிருக்கலாம். ஜானட் அவள் காலில் விழுந்து அழுதாவது தீர்த்திருப்பாள். ரஹீமுன்னிசாவோ கவுன்களை மறுபடி இழுத்து மெஷினை மூடினாள். மடிப்புக் கலைந்த இடத்தை நீவிவிட்டாள்.

"ரெண்டு எதுக்கு? வெயிட்டு ஜாஸ்தியாய்டும்" என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"மருந்து எட்த்துகினியா?"