வால்காரன் வைத்த குழை

பக்கீருக்கு அந்தக் கழகத்தில் கிடைத்த பதவி வால்காரன். பேரைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். திருக்கோணமலை மோட்டார் சைக்கிள் கழகத்தில் கப்டனுக்கு அடுத்த மரியாதை வால்காரனுக்குத்தான் என்று முத்துலிங்கம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்லமாட்டாரா பின்னே, அவர்தானே கப்டன்! ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் உத்தியோகம், வெள்ளைக் கால்சட்டை, முன்னுக்குப் போகிறவருக்குத் தூசியும் இல்லை, தொல்லையும் இல்லை. பின்னுக்கு வருகிறவன்தான் முன்னால் போன அத்தனை பேருடைய தூசியையும் தின்றுகொண்டு, ஒருத்தர் முகத்தையும் காணாமல் நாள் முழுக்கத் தனியே ஓடவேண்டும்.

அவனை வாலில் போட்டதற்குக் காரணம் அவனுடைய பெட்டி. சைட்கார் என்று கப்டன் சொல்லுவார். மற்ற எல்லாருக்கும் அது பெட்டிதான். கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் இரும்பு ஒட்டுகிற வேலை பக்கீருக்கு. கழித்துப் போட்ட தகரத்தையும் குழாயையும் கேட்டு வாங்கி, மூன்றாவது சில்லு ஒன்று வைத்து, தன் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் தானே பூட்டிக்கொண்டான். எல்லாம் அசனாவுக்காக. அவன் பெண்சாதி பின் இருக்கையில் ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

“விழுந்தா ஆர் பொறுப்பு? கதிரையில இருக்கிற மாதிரி இருக்க ஏலுமெண்டாச் சொல்லுங்க, வாறன்” என்றாள்.

சரி, கதிரை கேட்டாய், இந்தா கதிரை என்று செய்து கொடுத்தான். பெட்டி பூட்டிய பிறகு வேகம் பாதியாய்ப் போனது. அதற்கென்ன, ஞாயிற்றுக்கிழமைகளில் கழகம் நிலாவெளிக்குப் போகும்போது அசனா குடையும் பிடித்துக்கொண்டு அதில் இருப்பாள். பொடியன்கள் ஊர்வலம் போகுது என்று கூவுவார்கள். அவள் வெட்கப்பட்டால்தானே!

கழகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. தூசி அடங்க இடைவெளி விட்டுத்தான் ஒருவர் பின் ஒருவர் போவார்கள். அதனால் முன்னால் போகிறவர், பாதை இரண்டாகப் பிரிந்து சந்தேகம் வருகிற இடத்தில், இலையும் கொப்புமாய்ப் பச்சைக் குழை ஒன்று முறித்துச் சரியான பாதையில் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர்கள் குழையைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசியாக வருகிற வால்காரன் அதை எடுத்துப் பற்றைக்குள் எறிந்துவிடவேண்டும். நிலாவெளி ஓட்டங்களில் அந்த வேலையை அசனா பார்த்தாள். பெட்டி நிலத்தோடு ஒட்டின பதிவுதானே, இருந்தபடியே கையை நீட்டிக் குழையை எடுத்து, “எடுத்தாச்சு, போங்க!” என்று சொல்லிக்கொண்டு எறிவாள். அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அதெல்லாம் யப்பான்காரன் குண்டு போடுவதற்கு முந்தின கதை. குண்டு விழுந்த அன்று பக்கீர் டொக்யாட்டில் நின்றான். காயப்பட்டவர்களைத் தூக்கிப் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒருவனை இறக்கினால் இன்னொருவன் கிடக்கிறான். எப்படி விட்டுவிட்டு வருவது? வீட்டுக்கு வந்தபோது பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது. கதவு திறந்து கிடந்தது. அடுத்த வீட்டு ரபீக்காதான் சொன்னாள்: பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் படலையடியில் நின்று பாதையைப் பார்த்தாளாம். பிறகு சனத்தோடு சனமாக நடந்து, வெருகல் துறையில் கடை வைத்திருக்கிற தன் அண்ணன் கலீலுர் றஹ்மான் காக்காவிடம் போய்விட்டாளாம்.

அதன் பிறகு பக்கீருக்கு லீவு இல்லை. டொக்யாட்டை விட்டு அசைந்தால் பிடித்து மறியலில் அடைப்போம் என்று சட்டம். வெறும் வீட்டில் தானே சமைத்து, தானே தின்று, தானே கோப்பை கழுவினான். ஒரு பிடி அரிசி கூடுதலாக உலையில் போட்டுவிட்டுப் பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்படி இருக்கும்போதுதான் கருவாட்டு வியாபாரி ஒருவன் அசனாவின் சொல்லைக் கொண்டுவந்தான். கடைக்குச் சாமான் வருவதில்லை, காக்கா கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு காத்தான்குடிக்குப் போகிறார், சனிக்கிழமை காலையில் வள்ளம்.

“நீங்க வந்து கூப்பிட்டா வீட்ட வருவாவாம். வராட்டிக் காக்காவோட போறாவாம். இன்னொருக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கத் தன்னால ஏலாதாம்” என்றான் வியாபாரி.

அதே கிழமை இன்னொரு செய்தியும் வந்தது. திங்கட்கிழமை மோட்டார் சைக்கிள்களை எல்லாம் ஆமிக்காரரிடம் ஒப்படைக்கவேண்டும். கழகம் கலைகிறது. மிச்சம் பிடித்த பெற்றோலை எல்லாம் ஒன்று சேர்த்துக் கடைசியாக ஒரு நெடும்பயணம் போவதென்று முத்துலிங்கம் தீர்மானித்தார். எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது சின்னப்போடிதான் வாயைத் திறந்தான். அவனுக்குச் சொந்த ஊர் வெருகல் பக்கம்; கழகத்தில் பக்கீருக்கு மிக நெருங்கின கூட்டாளி.

“எங்க போனா என்ன, வெருகலுக்கே போவம். பக்கீர்ர பெட்டி வெறுமையாக் கிடக்குது” என்றான்.

ஒருவரும் மறுக்கவில்லை. கப்டன் யாரையோ பிடித்துப் பக்கீருக்குச் சனி, ஞாயிறு லீவும் எடுத்துக் கொடுத்தார். அந்த மனிசனைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, நல்ல மனிசன். வெள்ளி பின்னேரம் கிண்ணியாத் துறை தாண்டி, பிறகும் துறை துறையாகப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி இறக்கி, மூதூரில் படுத்து எழும்பினார்கள்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிடும்போது சின்னப்போடி பக்கீரைத் தனியே கூப்பிட்டான். “மச்சான், ஒண்டைக் கேள். கரைக்காற்று இருக்குமட்டும்தான் வள்ளம் கடலுக்கு இறங்கும். உச்சியாகிக் கடல்காற்றுத் திரும்பிட்டா முகத்துவாரத்தால வெளிய போக ஏலாது. அதால அதுக்கு முந்தியே எடுத்திடுவாங்கள். வழியில நிக்காத.”

“எனக்கென்ன, நிண்டு பூப்பறிக்கவோ போறன்?” என்றான் பக்கீர். சிரித்தான்தான். ஆனால் சாவியை எடுத்துப் பெட்டியின் ஆணிகளை இன்னொருக்கா இறுக்கிவிட்டுத்தான் ஏறினான்.

கிளிவெட்டி தாண்டியதும் காடு. இரண்டு பக்கமும் வீரையும் பாலையும் நெருங்கி நின்றன. சின்னப்போடி அவனுக்கு நேரே முன்னால் போனவன். கொஞ்ச நேரத்தில் அவனுடைய சத்தமும் அடங்கிவிட்டது. மிஞ்சியது செம்மண் தூசி மட்டும்தான். முதல் பிரிவில் குழை கிடந்தது. பக்கீர் கை நீட்டினான், எட்டவில்லை. இறங்கி, எடுத்து, எறிந்துவிட்டு ஏறினான். “எடுத்தாச்சு, போங்க” என்று அவனுடைய வாய் தானாகவே முணுமுணுத்தது. பக்கத்தில் பெட்டி வெறுமையாய்க் கிடந்து தகரம் அடித்துக்கொண்டு வந்தது. தகரச் சத்தம் அவ்வளவு பெரிதென்று அவனுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த பிரிவில் நேரே போகும் பாதை அகலமாகத்தான் இருந்தது. வலப்பக்கம் வண்டித்தடம் ஒன்று காட்டுக்குள் பிரிந்தது. அந்தத் தடத்தின் வாயில், மரத்தடியில், இப்போதுதான் முறித்த பச்சைக் குழை ஒன்று கிடந்தது. பால்கூட இன்னும் காயவில்லை. குறுக்குவழி போலிருக்கிறது, சின்னப்போடிக்குத் தெரியாத காடா என்று நினைத்தான். குழை மரத்தோடு ஒட்டிக் கிடந்தபடியால் அதை எடுக்க இறங்காமல் வலப்பக்கம் வெட்டித் திருப்பினான்.

அந்தத் தடம் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. தூசி இல்லை. முதலில் அது அவனுக்குச் சந்தோஷமாய்த்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது: முன்னால் ஆள் போயிருந்தால் தூசி இல்லாமல் எப்படி? நிற்பாட்டிக் காது கொடுத்துக் கேட்டான். குருவிகூடக் கத்தவில்லை. முன்னால் பாழடைந்த குளம் ஒன்று, அதன் கரையில் ஆவி பறக்க யானை இலத்தி.

திருப்ப எடுத்தபோது பெட்டியின் சில்லு குளத்துச் சேற்றில் அச்சுவரை புதைந்தது. அள்ளினான், தள்ளினான், கொப்பு முறித்து அடியில் போட்டான். அசைந்தால்தானே! வெயில் ஏறிக்கொண்டே போனது. பெட்டியைக் கழற்றி இங்கேயே போட்டுவிட்டு வெறும் சைக்கிளில் பறந்தால் நேரத்துக்குப் போய்விடலாம். கழற்றுகிற சாவி மடியில்தான் இருந்தது, கையிலும் எடுத்தான். ஆனால் போய்? எதில் ஏற்றுகிறது அவளை? வெறும் சைக்கிளோடு போய் நின்றால், உன்னைக் கூட்டிப்போக வரவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றல்லவா ஆகிவிடும்? சாவியை மடியில் வைத்துவிட்டுத் திரும்பவும் சேற்றில் கை வைத்தான். “சின்னப்போடி!” என்று ஒருக்காக் கூப்பிட்டுப் பார்த்தான். தன் குரலே அந்நியமாகக் கேட்டதால் பிறகு கூப்பிடவில்லை. விசர் பிடித்தவனைப் போல அழுதுகொண்டே அள்ளினான். பார்க்க ஒருத்தரும் இல்லாத இடத்தில் அழுவதற்கு என்ன வெட்கம்!

சில்லு வெளியே வந்து, பிரிவுக்குத் திரும்பியபோது நிழல் காலடிக்கு வந்துவிட்டது. அந்தக் குழையை இப்போதுதான் சரியாகப் பார்த்தான். அது கிடந்தது புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கல்லின் முன்னால். கல்லைச் சுற்றிக் காய்ந்த குழைகள் ஒரு குவியல். காட்டுப் பிள்ளையார். வண்டில்காரர் காடு கடக்க முந்தி, வழியில் ஒன்றும் வரக்கூடாதென்று குழை முறித்துப் போடுகிற கல். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம், பக்கீருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கழகத்தோடு ஓடுகிறவனுடைய கண்ணுக்குக் குழை என்றால் கப்டனுடைய குழைதான்.

வெருகல் துறையில் கழகத்துக்காரர் மருத மரத்தடியில் இருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருவரும் எழும்பிக் கையசைக்கவில்லை. அதிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. நிற்காமல் ஆற்றோரமாக முகத்துவாரம் வரைக்கும் ஓட்டினான். கடல்காற்றுத் திரும்பியிருந்தது. தெற்கே, தூரத்தில், பாய் ஒன்று தெரிந்தது. இறப்பர்க் குமிழைப் பிடித்து ஹோனை அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான். எதிர்க்காற்று அவன் சத்தத்தை அவனிடமே கொண்டுவந்து போட்டது.

கப்டன் பின்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

“நாங்கள் வந்து சேரேக்க தங்கச்சி இந்த மணல்லதான் நிண்டவ. அவர் வால்ல வாறார் பிள்ளை, இந்தா வந்திடுவார் எண்டு சொன்னனான். சிரிச்சவ. மூட்டையைக்கூட வள்ளத்தில ஏத்த விடேல்ல. தமையன் கத்தினார், வள்ளக்காரன் கத்தினான். காற்று விழப்போகுது எண்டு கடைசியா வந்து கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனாங்கள்.”

“ஏதும் சொன்னாவா?”

முத்துலிங்கம் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அண்டைக்கும் பார்த்துக்கொண்டு நிண்டனான், இண்டைக்கும் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ எண்டு சொன்னவ. வேற ஒண்டும் சொல்லேல்ல.”

பக்கீர் மணலில் குந்திவிட்டான். நெஞ்சு வலித்தது, உண்மையாகவே வலித்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு சைக்கிளும் இல்லை, லீவும் இல்லை. சண்டை எப்போது முடியுமென்று ஆருக்குத் தெரியும்!

சின்னப்போடி ஓடிவந்தான். “எங்கயடாப்பா போனனி? நேர்ப்பாதைதானே! சந்தேகம் வராதெண்டு கப்டன் அதில குழைகூடப் போடேல்ல!”

“குழை கிடந்தது, மச்சான். மரத்தடியில. நான் அதைப் பார்த்துத் திரும்பினனான்.”

சின்னப்போடியின் முகம் செத்துப்போனது. தலையில் கை வைத்துக்கொண்டு பக்கீருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டான்.

“அது நான் போட்டது” என்றான். “நீ நேரத்துக்கு வந்து சேரவேணும் எண்டு நேர்ந்து போட்டனான். எனக்கெண்டு நான் ஒண்டும் கேக்கேல்லயடா.”

பக்கீர் அவனைப் பார்த்தான். அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இவனோடு கோவித்தால் தனக்கு மிஞ்சுகிற ஆள் ஆர் என்றுதான் நினைத்தான். அவன் தோளில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழும்பினான்.

ஞாயிறு விடிய அவர்கள் திரும்பினார்கள். இண்டைக்கு நீ முன்னுக்குப் போ என்று கப்டன் கெஞ்சிப் பார்த்தார். பக்கீர் கேட்கவில்லை, தூசி அடங்கும்வரை பார்த்து நின்று, வாலிலேயே வந்தான். பிள்ளையார் பிரிவில் இறங்கினான். கல்லின் முன்னால் சின்னப்போடியின் குழை வாடிக் கிடந்தது. அதைத் தொடவில்லை. வீரையில் ஒரு கொப்பு முறித்து, திருக்கோணமலைப் பாதையின் நடுவில் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லும் வைத்தான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பிரிவிலும் அப்படியே செய்தான். எடுத்தெறிகிறதுதான் வால்காரனுடைய வேலை. அவன் வைத்துக்கொண்டு வந்தான்.

கிண்ணியாத் துறையில் மற்றவர்கள் அவனுக்காகப் பார்த்திருந்தார்கள். துறைக்கு இறங்குகிற பாதையில் அவன் குழையைப் போட்டு மேலே கல் வைப்பதைச் சின்னப்போடி கண்டான். பொறுக்கமுடியாமல் கிட்ட வந்து மெல்லக் கேட்டான்.

“மச்சான், உனக்குப் பின்னால ஆரும் வரேல்லயே.”

பக்கீர் கையில் இருந்த மண்ணை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். வெறும் பெட்டியை ஒருக்காப் பார்த்தான்.

“வருவா” என்றான். “கொஞ்சம் பிந்தி வாறா.”