கடுகு வாக்குக் கொடுத்த தவளை

பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்று ஓடும் குழாய்களைத் தகரத்தில் மடித்துக் கொடுப்பது அவர் தொழில். அதனால் தகரக்காரர். ஆள் உயரத் தகட்டை மேசையில் போட்டு, கோட்டுக்கு நேராக வைத்து, மரச்சுத்தியலால் தட்டினார் என்றால் அது மறுபேச்சு பேசாமல் மடங்கும். ஒருமுறை அவர் சுத்தியலைக் கையில் எடுத்ததைப் பார்த்தே ஒரு தகடு தானாக மடிந்துகொண்டதாக அவருடைய மச்சான் சொல்வான். மச்சான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினாலும், தகடு பாதியாவது மடிந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து, மகள் சொன்னதைக் கேட்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மகளை வீட்டில் கடுகு என்று கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு. பிறந்தபோது அளவைப் பார்த்து வைத்த பெயர். காரம் பிறகுதான் தெரிந்தது.

"அப்பா, வெள்ளிக்கிழமை நீ என் கிளாசுக்கு வர்ற."

"எதுக்கு?"

"தவளை பண்ண."

விஷயம் இதுதான். அந்த வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ வந்து கைவேலை ஒன்றைச் சொல்லித்தர வேண்டும். கடுகின் முறை வந்தது. தகரம் கையைக் கிழிக்கும், வேண்டாம் என்றுவிட்டார் டீச்சர். உடனே பின் பெஞ்சிலிருந்து ஓட்டைப்பல் என்ற பையன், "அப்ப அவங்கப்பாவுக்கு வேற என்ன தெரியும்?" என்றான். கடுகு எழுந்து நின்றாள். எங்கப்பா பேப்பரில் தவளை பண்ணுவார், எல்லாருக்கும் சொல்லித்தருவார், அவர் பண்ணும் தவளை டீச்சர் மேசையையே தாண்டிக் குதிக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் எப்பம்மா பேப்பர்ல தவளை பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. அதான் நாளைக்கு ஒரு நாள் இருக்கே."

"சரி, தாண்டலைன்னா?"

"அந்த ஓட்டைப்பல் எனக்குப் புளுகின்னு பேரு வெச்சிடுவான். அவன் வெச்ச பேரு போகவே போகாதுப்பா. ஒருத்தனுக்கு மூக்குன்னு வெச்சான். இப்ப டீச்சரே மூக்குன்னுதான் கூப்பிடறாங்க."

தகரக்காரர் செருப்பைக் கழற்றினார். "தகரத்தையே மடிக்கிறேன். பேப்பர் என்ன பெரிய பேப்பர்."

கடுகு பள்ளி நூலகத்திலிருந்து படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். முதல் பக்கத்தில் நாய்முகம். சதுரத்தை முக்கோணமாக மடித்து, இரண்டு முனைகளையும் காதாகத் தொங்கவிட்டால் நாய். அதே காதைத் தூக்கிவிட்டால் பூனை. இரண்டும் மூச்சு விடுவதற்குள் முடிந்தன. கடுகு கண்ணும் மீசையும் வரைந்தாள். தகரக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தவளைப் பக்கத்தைப் புரட்டினார்.

தவளை வரவில்லை.

மடிப்பு கூர்மையாக இல்லை என்று நினைத்து மரச்சுத்தியலை எடுத்து வந்து தட்டினார். கீழ்வீட்டுக்காரர் பதிலுக்குக் கூரையைத் தட்டினார். பழைய செய்தித்தாள் தீர்ந்தது, காலண்டர் தீர்ந்தது, அடுப்படி அலமாரியில் விரித்த தாளும் தீர்ந்தது. அதன்பிறகு அவர் சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதத்தை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மனைவி பேருந்து ஓட்டுகிறவள். வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்தவள் கூடத்தில் குவிந்து கிடந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, எந்த வண்டி ஏறுச்சு?"

"தவளை."

"இது ரேடியோ மாதிரி இருக்கு. இது அப்படியே என் தம்பி. பேசாம அந்த நாய்க்குட்டியையே சொல்லிக் குடுங்க. அழகா இருக்கு, பிள்ளைங்களும் சுலபமா பண்ணும்."

"நாய் மேசையத் தாண்டுமா?"

"நிஜ நாய் தாண்டும்."

"நம்ம பொண்ணு தவளைன்னு சொல்லியிருக்கா. தவளைதான்."

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்திலும் பொட்டலக் காகிதத்தை வைத்து மல்லுக்கட்டினார். மச்சான் எட்டிப் பார்த்து, "மாமா, செத்துடுச்சா? குழி தோண்டவா?" என்று கேட்டான். அது அவன் சாயல்தான் என்று அவன் அக்கா சொன்னதை இவர் சொல்லவில்லை.

சிக்கல் எங்கே என்றால், புத்தகத்தில் 'மடித்துத் திறக்கவும்' என்று போட்டிருந்தது. அவர் மடிப்பார். திறக்க மாட்டார். மடித்த தகட்டைத் திறந்தால் கோட்டோடு வெடித்துவிடும். அப்புறம் மேஸ்திரி திட்டுகிற திட்டு தெருமுனை வரை கேட்கும். தொழிலுக்கு வந்த நாளாய் அவர் கை ஒரு மடிப்பைத் திறந்ததே இல்லை. கண் அந்தச் சொல்லைப் படித்தது, கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கடுகு, செத்த தவளை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் படம் வரையலாம் என்று பிரித்தாள்.

"திறக்காதம்மா, உடைஞ்சிடும்."

"பேப்பர் எங்கயாவது உடையுமாப்பா?"

விரித்துக் காட்டினாள். உடையவில்லை. கோடுகள் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன, எந்தப் பக்கம் மடங்குவது என்று சொல்லிவைத்ததுபோல. தகரக்காரர் புதுத்தாள் ஒன்றை எடுத்தார். மூலைக்கு மூலை மடித்தார். மேஸ்திரியின் குரல் காதில் கேட்க, கண்ணை மூடிக்கொண்டு திறந்தார். மறுமூலைக்கு மடித்துத் திறந்தார். குறுக்கே ஒன்று மடித்துத் திறந்தார். பிறகு இரண்டு பக்கங்களையும் உள்ளே தள்ளியதும் தாள் கூரைபோல முக்கோணமாக உட்கார்ந்தது. முனைகள் கால்களாயின. பின்புறத்தை ஏணிப்படிபோல இரண்டாக மடித்து விரலால் அழுத்தி விட்டார். தவளை முக்காலியைத் தாண்டியது.

மேசையும் முக்காலியும் ஒன்றா என்று அளந்து பார்க்க, அளவே தொழிலான மனிதருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் காவலாளி 'பார்வையாளர்' என்று எழுதிய கெட்டி அட்டையை நூலில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார். "அட்டை உள்ள இருந்தா ஆள் உள்ள. அட்டை வந்தாதான் ஆள் வெளிய. அதான் இங்க கணக்கு" என்றார்.

"மடி, தட்டு, திற" என்று தகரக்காரர் சொல்லச் சொல்ல, வகுப்பே மடித்தது, கையை முஷ்டியாக்கித் தட்டியது, திறந்தது. தட்டிய தட்டில் மேல்மாடி வகுப்பு மணி அடித்துவிட்டது என்று நினைத்து இறங்கி வந்துவிட்டது. பெஞ்சுக்குப் பெஞ்சு தவளை பாய்ந்தது. மூக்கின் தவளை டீச்சர் தோளில் குடியேறியது.

ஓட்டைப்பல் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். "சார், உங்க தவளை எங்க? மேசையத் தாண்டணுமே."

அப்போதுதான் அவர் மேசையைப் பார்த்தார். கப்பல் மாதிரி கிடந்தது. தவளையை விளிம்பில் வைத்து அழுத்தினார். அது பாதி வழியில் சாக்பீஸ் டப்பாவருகே படுத்துவிட்டது. இன்னொரு தரம் அழுத்தினார். டீச்சரின் டீயில் விழுந்தது.

டீச்சர் அதைக் கரண்டியால் பதமாக எடுத்துத் தட்டில் வைத்தார். "பரவாயில்லைங்க. தவளை வந்துடுச்சுல்ல, போதும்."

கடுகு குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போதாதுங்க" என்றார் தகரக்காரர். மெல்லிய தகடு தொய்யும், கெட்டித் தகடுதான் விறைத்து நிற்கும். காகிதமும் அந்த ஜாதிதானே. கெட்டியாக ஏதாவது உண்டா என்று சுற்றிப் பார்த்தார். கடைசியில் குனிந்து தன் மார்பைப் பார்த்தார்.

நூலை உருவிவிட்டு அட்டையை மடித்தார், தட்டினார், திறந்தார். நெற்றியில் 'பார்வை' என்ற எழுத்தோடு விரல்நீளத் தவளை ஒன்று மேசை விளிம்பில் உட்கார்ந்தது. அழுத்தி விட்டார்.

அது டீயைத் தாண்டியது, சாக்பீஸைத் தாண்டியது, மேசையைத் தாண்டியது, ஓட்டைப்பல்லின் தலையையும் தாண்டிப் பின்சுவர்க் கடிகாரத்தில் மோதியது. மோதிய வேகத்தில் பெரிய முள் கால் சுற்று முன்னே போய்விட்டது. அன்று பள்ளி சீக்கிரம் விட்டது அதனால்தான்.

ஓட்டைப்பல் ஏதாவது சொல்லத் தேடினான். "இது பேப்பர் இல்ல, அட்டை."

"அட்டைன்னா பேப்பரோட அண்ணன்" என்றாள் கடுகு.

அவன் போய், கடிகாரத்தடியில் கிடந்த தவளையை எடுத்துக்கொண்டு வந்தான். "சரி. எனக்கொண்ணு பண்ணித் தரச் சொல்லு."

"நீயே பண்ணு. அதான் சொல்லிக் குடுத்தாருல்ல."

வாசலில் காவலாளி கையை நீட்டினார். "அட்டை?"

தகரக்காரர் தவளையை நீட்டினார். காவலாளி அதை மேலும் கீழும் பார்த்தார். "பிரிச்சுக் குடுங்க."

தகரக்காரருக்குத் திறக்கத் தெரியாமல் இல்லை. இப்போது நன்றாகவே தெரியும். ஆனால் கடுகு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "பிரிக்க மாட்டாரு."

"அப்ப ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

"இருக்கோம்" என்று தகரக்காரர் காவலாளியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். கடுகும் உட்கார்ந்தாள். பிள்ளைகளெல்லாம் போனார்கள். காவலாளி தவளையை வாங்கி உள்ளங்கையில் வைத்து முறைத்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதைத் தன் மேசைமேல் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார்.

தவளை கேட்டுக்கு மேலே எழும்பி, தெருவில் போய் விழுந்தது.

மூவரும் அது போன வழியைப் பார்த்தார்கள். காவலாளி மெதுவாக எழுந்து கேட்டைத் திறந்தார்.

"அட்டை வெளிய போயிடுச்சு. அப்புறம் ஆளுக்கு உள்ள என்ன வேலை? போங்க."