ஈரப் பாவு

விடியுமுன்பே கஞ்சி ஆறிவிட்டது. தெரு நீளத்துக்கு அரக்குப் பட்டுப் பாவை, தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு இழைகளை, விரித்து, இரண்டு முனையிலும் கழியில் கோத்து, முனைக்கு நாலு பேராகச் சாய்ந்து இழுத்துப் பிடித்திருந்தோம். தோள்பட்டை தெறித்தது. கஞ்சி தோய்ந்த இழைகளை ஈரத்திலேயே பிரித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் இழையோடு இழை ஒட்டி, பாவு முழுக்கக் கயிறாகிவிடும். இதற்கு எங்கள் தெருவில் கூலி கிடையாது. எவர் வீட்டுப் பாவானாலும் எல்லாரும் வந்து கைகொடுப்போம்.

அன்றைக்கு முதலாளி உமாபதி வீட்டுப் பாவு. அவர் மகள் கமலவேணியின் வளைகாப்புப் புடவைக்கானது. முதலாளியே சலவை வேட்டியோடு வந்து நின்றார்.

என் பெண்சாதி சம்பூர்ணம் பக்கத்தில் நின்று இழை பிரித்தாள். ஏழு மாசம். தறியில் அவள்தான் எனக்குக் கோர்வைக்காரி. நான் புடவையின் உடலை நெய்ய, அவள் கரைக்கான நாடாவை எறிந்து இரண்டையும் இணைப்பாள்.

போன வருஷம் ஒரு பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அவள் அதைச் சுமந்திருந்தபோதுதான் முதலாளி கூலியைக் குறைத்தார், நான் எதிர்த்து வாய் திறந்தேன். அன்றிலிருந்து தினம் காலையில் அவருடைய மேஸ்திரி தனசேகரன் எங்கள் வீட்டுக்குள் ஏறி, தறிப்பாவின்மேல் கத்தரிக்கோலை வைத்துச் சொடுக்குவான். "அறுத்துட்டா தறி வேற வீட்டுக்குப் போவும். நீ தெருவுக்குப் போவே." அந்தச் சத்தத்துக்கே சம்பூர்ணத்துக்குக் கைகால் வெலவெலத்துவிடும்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"பயந்தா உடம்புல ஒரு சுரப்பு ஊறும்பா. அது ரத்தத்தோட நஞ்சுக்கொடிக்கும் போகும். பிள்ளைக்கு வேண்டிய உப்பு, சுண்ணாம்புச் சத்தெல்லாம் அந்தக் கொடியைத் தாண்டித்தான் போகணும். ஓயாம பயந்தா அந்தப் போக்குவரத்து தடுமாறுமான்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. போன பிள்ளை அதனாலதான் போச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இவளை யாரும் மிரட்டக்கூடாது."

திரும்பி வரும்போது சம்பூர்ணம் சொன்னாள்: "கோர்வை மாதிரிதான்யா. இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கத்தைப் பிடிக்கணும். கை நடுங்கினா விட்டுப்போவுது."

டாக்டரம்மாவால் அடித்துச் சொல்ல முடியாததை என் வயிற்றெரிச்சல் அடித்துச் சொன்னது. அதை நான் அணையவிடவில்லை.

பாவின் நடுவே ஒரு இழை அறுந்தது. சம்பூர்ணம் முடிபோடக் குனிந்தாள். தனசேகரன் அவள் காதருகே கத்தரிக்கோலைச் சொடுக்கினான்.

"முதலாளி வீட்டுப் பாவும்மா. கை தவறுச்சின்னா உன் வீட்டுப் பாவு இருக்காது."

அவள் முகம் வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் பிடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் பாய்ந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினேன். பாவின்மேல் வைத்தேன். ஒரே வெட்டு போதும். உமாபதியின் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்க்க ஒரு வருஷம் காத்திருந்தேன்.

"வெட்டாதே வீரபத்திரா!" மறுமுனையில் பாவு பிடித்திருந்த பட்டம்மாள் கத்தினாள். "வெட்டினா ஒரு நொடியில முடிஞ்சிபூடும். அவுங்களே பிடிக்கட்டும். எல்லாரும் கையை எடுங்கடி!"

எடுத்தார்கள். பாவு தொய்ந்து மண்ணைத் தொடப் போயிற்று. முதலாளி ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார், தனசேகரன் மறுமுனையை. வேட்டியில் கஞ்சி சொட்டியது.

"டேய், பிடிங்கடா! வெயில் வருது!"

"மேஸ்திரி எங்க வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. குறைச்ச கூலியைத் திரும்பப் போடணும்," என்றேன். "சொல்லுங்க, பிடிக்கிறோம்."

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"தாராளமா," என்றாள் பட்டம்மாள். "கழியைக் கீழ வச்சிட்டுப் போய்க் கூப்பிட்டுக்கினு வாங்க."

தெரு சிரித்தது. முதலாளியின் குரல் இறங்கியது. "எம்பொண்ணு மாசமா இருக்காடா. அவளை நெனச்சுப் பாருங்க."

கீழே உட்கார்ந்திருந்த சம்பூர்ணம் தலை நிமிர்ந்தாள்.

"நெனச்சதாலதான் வெட்டாம நிக்கிறோம். அந்தப் பொண்ணுக்குச் சேதி சொல்லி அனுப்பாதீங்க. பயந்துக்குவா."

முதலாளி கழியை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

வெயில் வடக்கு முனையைத் தொட்டது. முதல் இழைகள் ஒட்டத் தொடங்கின. அவர் சம்மதிக்கவில்லை, கழியை விடவுமில்லை. சத்தம் கேட்டு அடுத்த தெரு நெசவாளர்கள் வந்தார்கள். வந்தவர்கள் பாவுக்குக் கைநீட்டப் போனார்கள், பழக்கம் அப்படி. எங்களைப் பார்த்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு எங்களோடு நின்றார்கள்.

பட்டம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சம்பூர்ணம் குடித்துவிட்டு என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

எதிரே உமாபதியின் கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன.

நடுங்கட்டும். கத்தரிக்கோலைக் கஞ்சிப் பானையில் போட்டுவிட்டு, நானும் கையைக் கட்டிக்கொண்டேன்.