காலையில சொல்றேன்

அம்மாவின் கால்விரல் நகங்களுக்குள் இருந்த சேற்றை ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள் காத்தாயி. குளிப்பாட்டிய பெண்கள், "போதும் விடுடி, நேரமாவுது" என்றார்கள். அவள் விடவில்லை. முந்தின நாள் மாலை நடவு முடித்துக் கரையேறிய அம்மா அம்சம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. தஞ்சாவூருக்குத் தகவல் போய், காலை முதல் பஸ்ஸில் காத்தாயியும் அவள் புருஷன் இராஜாங்கமும் வந்து இறங்கியிருந்தார்கள்.

வாசலில் அப்பாவைச் சுற்றிக் கூட்டம். மருதையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். குடியிருக்கும் மனை அவரவர்க்கே சொந்தம் என்று சட்டம் வந்த மறு வருஷம் அது. மனை சொந்தமாகிவிட்டது. சுடுகாட்டுக்குப் போகும் பாதை மட்டும் மாறவில்லை. தார் போட்ட மேலத்தெரு இருக்க, இந்தத் தெருப் பிணங்கள் மிராசுதாரின் வயலில் இறங்கித்தான் போயாக வேண்டும். கோடையில் பரவாயில்லை. இது ஐப்பசி. வயலில் முழங்கால் சேறு.

"இன்னிக்கி மேலத்தெருவுலதான் தூக்கிட்டுப் போறோம் தோழர்," என்றான் வேதையன். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த துடிப்பான ஆள். "கொடி புடிச்சு, கோஷம் போட்டு. இத விட்டா வேற சமயம் கெடைக்காது."

"போன வருஷம் அந்தத் தெருவுல செருப்புப் போட்டு நடந்ததுக்கே ஒருத்தனுக்குக் கைய முறிச்சாங்க," என்றார் ஒரு பெரியவர். "பொணத்த நடுத்தெருவுல வச்சுக்கிட்டு அடிதடியா? வயலோட போயிடுவோம் மருதையா."

எல்லோரும் மருதையனைப் பார்த்தார்கள். "செத்த இருங்க," என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து உள்ளே வந்தார்.

எதற்கு வருகிறார் என்று காத்தாயிக்குத் தெரியும். மிராசுதார்கள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடும்போதெல்லாம் கடைசியில் "காலையில சொல்றேன்" என்றுதான் அவர் எழுந்து வருவார். பெரிய தந்திரக்காரர் என்று ஊர் பேசிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார். அம்சம் புளியைக் கரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். "இப்ப வேலைய நிறுத்தாத. நாத்து முத்தட்டும். அப்ப நிறுத்துனா அவரே ஆள் அனுப்புவாரு." மறுநாள் மருதையன் அதையே கூட்டத்தில் கணீரென்று சொல்வார்.

"ஒன் பேச்ச அப்பா தன் பேச்சாட்டம் சொல்லுதே," என்று சின்ன வயதில் காத்தாயி கேட்டிருக்கிறாள். அம்சம் சிரித்தாள். "அதனால என்னா? தொண்ட அவரோடதுதானே." ஜெயிலுக்குப் போகும்போது மட்டும் அவர் அவளைக் கேட்டதில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. வேட்டியை மடித்துக் கொடுத்துவிடுவாள்.

தஞ்சாவூரில் காத்தாயியின் குடித்தனம் வேறு மாதிரி. இராஜாங்கம் மருத்துவக் கல்லூரியில் அட்டெண்டர். நல்ல மனிதர், கை நீட்டியதில்லை. ஆனால் என்ன காய் வாங்குவது, எந்தச் சினிமாவுக்குப் போவது, அம்மாவைப் பார்க்க எப்போது போவது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். தீபாவளிக்கு முன்னால் வருவதாக அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் இராஜாங்கம். "சரிங்க" என்றாள்.

மருதையன் அம்சத்தின் தலைமாட்டில் குந்தினார். "அம்சம்," என்றார் மெல்ல. அவள் பதில் சொல்ல வழக்கமாக எவ்வளவு நேரம் எடுப்பாளோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். காத்தாயி ஈர்க்குச்சியைக் கீழே வைத்தாள்.

"நேத்து எந்த வயல்ல நட்டா?" என்றார் மகளிடம்.

"பாதையில இருக்கே, அந்த வயலுதாம்ப்பா. இருட்டுறதுக்குள்ள முடிச்சிடணும்னு கடைசி மூலைய அம்மாவே நட்டுச்சாம்."

மருதையன் தலையாட்டினார். யாரோ சொன்னதை ஒத்துக்கொள்வது போல இருந்தது அது. எழுந்து வெளியே போனார்.

"மேலத்தெருவோட போறோம். கொடி வேணாம். கோஷம் வேணாம்."

"தோழர், இது..."

"ஊர்வலம் இல்லப்பா. எம் பொஞ்சாதி போறா. அவ நட்ட நாத்த அவளத் தூக்கிட்டே மிதிக்க முடியாது."

தெருக்கோடி வாய்க்கால் மதகுக்கு அப்பால் பிணத்தோடு பெண்கள் போவதில்லை. காத்தாயி அங்கேயே நின்று பார்த்தாள். மேலத்தெரு முனையில் மிராசுதார் நான்கு ஆட்களோடு நடுச்சாலையில் நின்றார். பறை நின்றது. மருதையன் முன்னால் போனார். துண்டு தோளிலேயே கிடந்தது.

"பாத அந்தப் பக்கம்ல மருதையா?"

"நேத்து நட்ட பயிருங்க. ஒங்க வயலு. இத்தன பேரு எறங்குனா ஒண்ணும் மிஞ்சாது. நட்டவளே மேல படுத்திருக்கா. எனக்கு மனசு வல்ல."

மிராசுதார் வயலைப் பார்த்தார். தண்ணீரில் நாற்று இன்னும் தலை நிமிராமல் கிடந்தது. பாடையைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திரும்பித் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். அவருடைய ஆட்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். இரண்டு மூன்று கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பறை மறுபடி தொடங்கியது. தார்ச்சாலையில் யாரும் தடுமாறவில்லை. அம்மா குலுங்காமல் போனாள்.

எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்தபோது தூறல் விழுந்தது.

"நாலு மணி பஸ்ஸு. பொறப்படு," என்றார் இராஜாங்கம். "பதினாறாம் நாளைக்கு வந்துக்கலாம்."

"நீங்க போயிட்டு வாங்க. நான் காரியம் முடிச்சிட்டு வர்றேன்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில், 'வரட்டுங்களா', 'போவட்டுங்களா' என்று முடியாத பேச்சை இராஜாங்கம் அவளிடம் கேட்டதில்லை. மாமனாரைப் பார்த்தார். மருதையன் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பதினாறு நாளா?"

"ஆமாங்க."

இராஜாங்கம் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, "அரிசி எதுல இருக்கு?" என்றார்.

"பச்ச டின்னுல. உப்பு அதுக்குப் பக்கத்துல, பீங்கான் சாடி."

தலையாட்டிவிட்டு நடந்தார். மதகு வரைக்கும் போனவர் நின்று திரும்பினார். தெருவே பார்க்கிறது என்பதை யோசிக்காமல் அங்கிருந்தே கத்தினார்.

"ஒரு ஆழாக்குக்கு எவ்வளவு தண்ணி?"

காத்தாயி மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். தூறலுக்குள் சரியாகத் தெரிந்ததோ என்னவோ, அவரும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்று அவள் தலையசைத்தாள். அவர் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.