பம்புக்காரர் இறந்த ஆண்டு

நகர நூலகத்தின் பட்டியல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் கணவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தாம் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பாகவே காலமானார். காலமான கையோடு ஒரு பம்பைக் கழற்றி, வாஷர் மாற்றி, ஓடவிட்டுப் பார்த்து, பஸ் பிடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கும் வந்தார். இப்படி ஒரு பெருமை வேறெந்த நூலகத்துக்காவது உண்டா என்று விசாரித்ததில், கிடையாது என்று எல்லா ஊர்களும் ஒப்புக்கொண்டுவிட்டன.

பட்டியலம்மாவின் வேலை சொல்வதற்கு எளிது. ஒரே ஆள் மூன்று பெயரில் எழுதினாலும் அவர் புத்தகங்களெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதினால் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் பிரித்துவைக்க வேண்டும். அதற்காகப் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டைப் போடுவது வழக்கம். இருபத்தாறு வருடத்தில் நாலு லட்சம் பேருக்கு ஆண்டு போட்ட அந்த அம்மா, ஒரே ஒருவருக்கு மட்டும் போடவில்லை. அது அவர் கணவருக்கு. ஊருக்குப் பம்புக்காரர் என்றால்தான் தெரியும்; பம்பு பழுதுபார்ப்பது பற்றி எண்பது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அவர் பெயரிலேயே வானியல் பற்றிப் பதினாலு புத்தகங்கள் எழுதி, எண்பது வயதில் இறந்து, இறந்தும் அறுபத்திரண்டு வருடமான வேறொருவர் பட்டியலில் இருந்தார். கணவரின் பிறந்த ஆண்டைப் போட்டிருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் பம்புக்காரர் தம் மனைவியைவிட இரண்டு வயது சின்னவர். நாலு வயது மூத்தவர் என்று அலுவலகத்தில் சொல்லி, பிறந்த வீட்டையும் அப்படியே நம்பவைத்துக் கல்யாணம் செய்துகொண்ட அம்மா, கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பட்டியல் அட்டையின் மூலையில் தமக்கு மட்டும் புரியும்படி பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். இவர் வேறு, அவர் வேறு என்று அதற்கு அர்த்தம். அட்டைகளைக் கணினியில் ஏற்றியபோது எழுத்தெல்லாம் ஏறியது. பென்சில் குறியை யார் ஏற்றுவார்கள்?

பெயர்களைத் தானாகவே ஒப்பிட்டுச் சேர்க்கும் ஏற்பாட்டை நூலகத்தில் பொருத்தியவர் பட்டியலம்மாவின் தம்பி. நாற்பத்தைந்து வயது, முழு வழுக்கை, கண்ணால் பார்த்ததையே இரண்டாம் தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவார். அக்கா இருபத்தாறு வருடத்தில் செய்த வேலையை அது பத்தொன்பது நிமிடத்தில் செய்தது. அத்தோடு நில்லாமல், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, உலகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நூலகங்களோடு கோத்துவிட்டது. இங்கே ஒருவரைப் பற்றி என்ன எழுதினாலும் அத்தனை பேரும் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். அங்கே இருப்பதெல்லாம் இங்கே வரும். பத்தேகாலுக்குப் பம்புக்காரரும் வானியல்காரரும் ஒரே ஆள் ஆனார்கள்.

அன்று சாப்பிட உட்கார்ந்த பம்புக்காரர் இடது கையில் கரண்டியைப் பிடித்தார். புதன்கிழமை நாற்பதாவது நூலகம் தன்னிடமிருந்த வானியல்காரர் படத்தை அனுப்ப, வழித்த முகத்தோடு கண்ணாடி முன் நின்றவருக்கு நெஞ்சுவரை வெள்ளைத் தாடி இறங்கியது. வியாழக்கிழமை வீட்டில் யாருக்கும் புரியாத மூன்று மொழிகளில் தும்மினார். அவர் தொட்ட பம்புகளெல்லாம் பட்டப்பகலில் நட்சத்திரம் மிதக்கும் தண்ணீரை இறைத்தன. துணி துவைத்தவர்கள் கறை போகவில்லை என்று புகார் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வேனில் பதினோரு பேர் வந்து இறங்க, அறுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் ஐம்பத்திரண்டு வயதுப் பம்புக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று கதறினார். பம்புக்காரர் அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

இதையெல்லாம் அம்மா எப்படியோ பொறுத்துக்கொண்டார். வானியல்காரர் இறந்த ஆண்டு, சேர்ந்துபோன பெயரோடு ஒவ்வொரு நூலகமாகப் போய்ச் சேர ஆரம்பித்தபோதுதான் பயந்துபோனார். அதை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு நூலகத்துக்கும் கணவர் கால் நகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கினார். ஒன்பதாம் நாள் இருநூற்றேழு நூலகங்கள் ஏற்றிருந்தன. அவர் முழங்கால் வழியாகச் செய்தித்தாள் படிக்க முடிந்தது. எடை பார்க்கும் கருவி முள்ளை அசைக்கவே இல்லை. மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தார், தம் நாடியையும் பிடித்துப் பார்த்துக்கொண்டார், ஓய்வு தேவை என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டாவது நூலகமும் ஏற்றுக்கொண்டால் நாற்காலியில் சட்டை மட்டும்தான் மிஞ்சும் என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டது. தினமும் காலையில் இருவரையும் பிரித்து வைப்பார். சாப்பாட்டு நேரத்துக்குள் கணினி திரும்பச் சேர்த்துவிடும். இத்தனை நூலகங்கள் ஒருவர் என்கின்றன, நீங்கள் ஒருவர்தான் இருவர் என்கிறீர்கள், ஆதாரம் தருக என்று திரையில் எழுதிக் காட்டும்.

"டேய், உன் மெஷின் உங்க மாமாவைக் கொல்லுதுடா" என்றார் அம்மா.

"கம்ப்யூட்டர் சொன்னா ஆள் செத்துடுவாங்களாக்கா? மாமாவுக்கு ரத்தம் கம்மி. பேரீச்சம்பழம் குடு."

"முட்டி வழியா பேப்பர் படிக்கிறேன்டா!"

"ரொம்பக் கம்மி போல. ரெண்டு வேளை குடு."

பத்தாம் நாள் இருநூற்றெண்பது ஆனது. இடுப்புவரை மறைந்த பம்புக்காரர் மேசைக்கு மேலே மிச்சமாக அமர்ந்து, "விடு, கழுத்து இருக்கிறவரைக்கும் காப்பி குடிப்பேன்" என்று சமாதானம் சொன்னார். அதற்குமேல் அம்மாவால் தாங்க முடியவில்லை. நூலகத்துக்கு ஓடினார். பட்டியல் பிரிவில் ஏழு பேரும் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க, காலியாகவே கிடந்த கட்டத்தில் கணவரின் பிறந்த ஆண்டை நாலு எண்ணாக அடித்தார்.

கண் முன்னால் ஒரு மனிதன் கரைந்துபோவதை நம்பாத தம்பி, மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பிடிக்கச் சுவர் தேடினார்.

"அக்கா... மாமா உன்னைவிடச் சின்னவரா?"

"ஆமாண்டா. இப்ப என்னங்கிற?"

"நம்ம அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீ வாயை மூடினா தெரியாது."

கணினி ஆதாரத்தை ஏற்று, ஆளைப் பிரித்து, இறந்த ஆண்டை என்ன செய்வது என்று கேட்டது. அந்த எண்ணை இன்னொரு தடவை பார்க்க அம்மாவுக்கு மனமில்லை. யாருக்கும் வேண்டாம் என்று அழித்துத் தள்ளினார். முந்நூற்றுப் பன்னிரண்டு நூலகங்களும் வரிசையாக ஆமோதித்தன. வீட்டில் பம்புக்காரருக்குத் தொலைந்த எழுபத்தொரு கிலோவும் ஒரே நொடியில் திரும்பிவர, நாற்காலி நாலு துண்டானது. தாடி கழன்று எதிர்நாற்காலியில் போய் அமர்ந்தது. தாடிக்குப் பின்னால் அதன் சொந்தக்காரரும் இருந்தார். நூற்று நாற்பத்திரண்டு வயது, நல்ல பசி. சாப்பிட்டு முடித்ததும், மொட்டைமாடிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்.

மூன்று மாதம் மாடியறையில் இருந்து பதினைந்தாவது புத்தகத்தில் பாதியை எழுதினார். பேத்தி வாரம் ஒருமுறை வேனில் வந்து மிட்டாய் வாங்கிப்போனார். தம்பி மட்டும், யாரோ தாடி வைத்த ஆசாமி அக்கா வீட்டில் ஓசிச் சாப்பாடு சாப்பிடுகிறான் என்று சொல்லித் திரிந்தார். பிறகு மேலிடத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது: நூற்று நாற்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவருக்கு இறந்த ஆண்டு விடுபட்டிருக்கிறது, புத்தகங்களிலேயே அச்சாகியிருக்கிற செய்தி, உடனே நிரப்பவும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தம்பி பட்டியல் பிரிவில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தாடிப் பெரியவர் நட்சத்திர வரைபடம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். தம்பி முதல் எண்ணை அடித்தார். பெரியவரின் வலது செருப்பு தனியாகக் கழன்று விழுந்தது. இரண்டாவது எண்ணை அடித்தார். கால்சட்டையின் ஒரு கால் காற்றில் ஆடியது. அதை ஒரு தடவை பார்த்தார். வழக்கப்படி இரண்டாம் தடவையும் பார்த்தார். மூன்றாவது எண்ணுக்குப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, "தம்பி, இந்தப் பக்கத்தை முடிச்சுக்கட்டுமா, இல்ல அவசரமா?" என்றார்.

தம்பி இரண்டு எண்களையும் அழித்தார். குனிந்து செருப்பை எடுத்து, திரும்பி வந்திருந்த காலில் தம் கையாலேயே மாட்டிவிட்டார். வியர்வை வழுக்கையிலிருந்து விசைப்பலகைமேல் சொட்டியது. பிறகு மேலிடத்துக்குப் பதில் எழுதினார்: மேற்படி நபர் இறந்தது உண்மை, தற்போது உயிரோடு இருப்பதும் உண்மை, இரண்டையும் நேரில் பார்த்தேன், கட்டம் காலியாகவே இருக்கட்டும்.