மியாவ் சொன்னால் ஓடும் மெஷின்

ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் அந்தக் கூடத்தில், பெரிய மெஷினை ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஆள். எல்லோரும் அவரை மாமா என்றார்கள். வித்தை ஒன்றும் பிரமாதமில்லை. மெஷினின் கதவு தொங்கிப் போயிருந்தது. முழங்காலால் லேசாகத் தூக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினால் ஓடும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு எவன் மதிப்பான்? அதனால் யாராவது பார்த்தால் மாமா இடது செருப்பைக் கழற்றுவார், மெஷினின் மண்டையில் தட்டுவார், கதவோரம் குனிந்து "மியாவ்" என்பார். அந்தச் சந்தடியில் முழங்கால் தன் வேலையை முடித்துவிடும்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. மாமா லீவு கேட்டார்.

"தாராளமா போங்க. தெரிஞ்சதை எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க," என்று மேனேஜர் அம்மா மீட்டிங் போட்டாள். மீட்டிங் என்றாலே எவன் சோற்றிலோ கை வைக்கப் போகிறார்கள் என்றுதான் மாமாவுக்குப் படும். ஆனால் மகள் வீட்டிலிருந்து மனைவி போனில் காய்ச்சியிருந்தாள்: "பேத்தியைப் பாக்க வர்றீங்களா, இல்ல அந்த மெஷினையே மடியில போட்டுக் கொஞ்சப் போறீங்களா?"

மாமா உண்மையைக் கக்கினார். "முழங்காலால கதவைத் தூக்கிட்டுப் பட்டனை அமுக்கு. அவ்வளவுதான்."

இஸ்திரி போடும் குண்டன் சிரித்தான். "யார் காதுல பூ சுத்துறீங்க மாமா? மியாவ் எங்க?"

"அது சும்மாடா."

"இத்தனை வருஷமா சும்மாவா கத்துனீங்க?"

"பாதியை முழுங்குறாரு," என்றாள் துணி மடிக்கும் அக்கா.

"முழுசா சொல்லாம லீவு கிடையாது மாமா," என்றாள் மேனேஜர் அம்மா.

மாமா பெருமூச்சு விட்டார். "சரி, எல்லாரும் இடது செருப்பைக் கழட்டுங்க."

சாயங்காலம் வரை கூடமே மியாவ் மியாவ் என்று அலறியது. "குண்டா, அது பூனை இல்லடா, எருமை!" என்று மாமா திருத்தினார். முழங்காலைக் கடைசியில் போகிற போக்கில் சேர்த்தார். மெஷின் ஓடியது. மேனேஜர் அம்மா கண் கலங்கி லீவு கொடுத்தாள்.

பேத்தியை மடியில் வாங்கியதும் போன் அடித்தது. குண்டன்தான். "மாமா, தொண்டை கிழியக் கத்திட்டேன், மெஷின் அசைய மாட்டேங்குது!"

"முழங்கால் வெச்சியா?"

"அதை விட்டுட்டோம் மாமா. மியாவ்தானே முக்கியம்?"

மாமாவுக்கு ரத்தம் கொதித்தது. இதற்காகத் திரும்பிப் போவதா? "போனை மெஷின்கிட்ட வை. நானே கத்துறேன். நீ முழங்காலால கதவைத் தூக்கிப் பிடி."

"எதுக்கு மாமா?"

"மெஷினுக்கு என் குரல் நல்லா கேக்கணும்ல?"

மாமா கத்தினார். அங்கே குண்டன் பட்டனை அமுக்க, மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. இங்கே பேத்தி வீறிட்டு அழுதாள்.

"பேத்தியை ஆசையாக் கொஞ்சுறீங்கன்னுல்ல நெனச்சேன், மெஷினையா கொஞ்சுறீங்க!" என்று மனைவி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.